பிரட்டில் பன்னிரண்டாவது பெயர்

“மார்ச் 4, செவ்வாய், காலை 9.10. அந்தோணி, வயது 72. பேசிய சொற்கள்: இல்லை. நட்சத்திரம்: வாங்கவில்லை.” மலேசியாவின் ஈப்போ நகரில் நான் பேச்சுச் சிகிச்சை அளிக்கும் கிளினிக்கின் குறிப்பேட்டில் இருக்கும் வரி இது, என் கையெழுத்தில். அன்று அவருக்கு முன்னால் வந்தவள் ஐந்து வயதுச் சிறுமி. சொல்லுக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் கொடுத்தால் தொண்டை வறளப் பேசுவாள். அதே கையோடு, பக்கவாதத்தில் பேச்சிழந்த அந்தோணியிடமும் ஒன்றை நீட்டிவிட்டேன். அவர் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“மிஸ், அப்பா ரப்பர் தோட்டத்துல மண்டோர் லா. நாப்பது பேர மேய்ச்சவரு. அவருக்குப் போயி ஸ்டாரா?” என்று சிரித்தாள் மகள் ஸ்டெல்லா. பிறகு குரல் இறங்கியது. “அடுத்த மாசம் ஜோகூருக்கு வேலைக்குப் போறேன். அதுக்குள்ள என் பேர ஒரு தடவ கூப்பிட வைங்க மிஸ், போதும்.”

தஞ்சாவூரில் பயிற்சியில் இருந்தபோது வயதானவர்களுக்குக் காலைப் பத்திரிகையின் தலைப்புகளை வாசித்துக் காட்டுவேன். அரசியல் கோபத்தில் எப்படியும் ஒரு சொல் வந்துவிடும். இங்கே எந்தச் செய்திக்கு அவருக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டெல்லாதான் பிரட்டு என்னும் தோட்டத்து ஆள்கணக்கைப் பற்றிச் சொன்னாள். விடியுமுன் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கிறவர்கள் வரிசையில் நிற்க, கங்காணியான மண்டோர் பெயர் பெயராகக் கூப்பிடுவாராம். பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போகமாட்டாராம்.

அடுத்த செவ்வாய் அவர் எதிரில் நின்று, “பிரட்டு, ஐயா” என்றேன். முதுகு நிமிர்ந்தது.

“முனியம்மா.” தெளிவான குரல். அவர் அடுத்த பெயருக்குப் போவதற்காக நானே பதில் சொன்னேன்.

“இருக்கேன்.”

“காளியப்பன்.”

“இருக்கேன்.”

“ஐயோ, அப்பா!” என்று ஸ்டெல்லா கைதட்டிச் சிரித்தாள். பதினொரு பெயர்கள் வந்தன. எண்ணி எழுதிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாவது, “லூர்தம்மா.” எழுதும் வேகத்தில் அதற்கும் “இருக்கேன்” என்றேன்.

ஸ்டெல்லாவின் சிரிப்பு நின்றது. “அது அம்மா, மிஸ். செத்து ரெண்டு வருசமாச்சு.”

அந்தோணி என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதின்மூன்றாவது பெயர் வரவில்லை. அதற்குப் பின் குறிப்பேட்டில் அந்தோணி பெயருக்கு எதிரே மூன்று செவ்வாய்களுக்கும் ஒரே சொல்தான்: வரவில்லை. ஸ்டெல்லா, தன் பெயரைக் கேட்காமலே ஜோகூருக்குப் போனாள்.

சென்ற வாரம் அவளிடமிருந்து செய்தி வந்தது. இங்கே ஈப்போவின் புந்தோங்கில் அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பா, விடிகாலையில் வாசலில் நின்று பெயர்களைக் கூப்பிடுகிறாராம். லூர்தம்மாவில் நின்று, காத்திருந்து, உள்ளே போய்விடுவாராம். ஒருநாள் மட்டும் அதற்குப் பிறகு, எந்தப் பிரட்டிலும் இல்லாத ஸ்டெல்லாவின் பெயர் வந்ததாக அண்ணன் சொல்கிறார். “நெசமா இருக்குமா மிஸ்? இல்ல, நான் அழுவேன்னு சொல்றானா?”

அவளுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. தஞ்சாவூரில் என் அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறார் என்று அம்மா போனில் சொல்கிறாள். அதையும் நான் சரிபார்த்ததில்லை.