தவிட்டுக்கு வாங்கிய தவுடையா

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லிப் பிள்ளையை அழவிடாத வீடு நம் பக்கத்தில் உண்டா? எல்லோருக்கும் அது கேலி. என் சிநேகிதன் தவுடையாவுக்கு மட்டும் அது நிஜமாகவே நடந்தது.

சித்தூர் ஜில்லா கார்வேட்டிநகரம் பக்கத்தில் எங்கள் ஊர். தணிகாசலத்துக்கும் பொன்னியம்மாளுக்கும் கரும்பு விளைந்தது, மா காய்த்தது, பிள்ளைதான் தங்கவில்லை. இரண்டு பிறந்து இரண்டும் போயின. மூன்றாவது பிறந்ததும், எமன் கண்ணில் படாமல் இருக்க வழக்கப்படி விற்றுவிட்டார்கள். வாங்கியவள் அவர்கள் கழனிக்குக் கூலிக்கு வந்த கங்கம்மாள். அவள் பெற்றதில் ஒன்றுகூடச் சாகவில்லை, அந்தக் கைராசிக்காகத்தான் அவளைக் கூப்பிட்டார்கள். முறம் நிறையத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினாள், மடியில் போட்டுக்கொண்டாள், 'தவுடையா' என்று பேர் வைத்தாள். எங்கள் ஊரில் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் தவிட்டுக்குத் தவுடு என்றுதான் பேர். பிறகு வளர்க்கச் சொல்லிப் பெற்றவளிடமே பிள்ளையை விட்டுவிட்டுக் களையெடுக்கப் போய்விட்டாள்.

இந்த விற்பனையில் ஒரு கட்டு உண்டு. வாங்கியவள் திருப்பித் தரும்வரை பெற்றவள் "என் பிள்ளை" என்று வாயால் சொல்லக் கூடாது. பொன்னியம்மாள் சொல்லவே இல்லை. "கங்கம்மா புள்ளைய சோறு துன்ன வரச் சொல்லு" என்பாள். பஸ்ஸில் யாராவது "உங்க பையனா?" என்று கேட்டால், "இல்லீங்க, கங்கம்மா புள்ள" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும். கல்யாணத்தன்றைக்குப் பிள்ளையைத் திருப்பி வாங்கி, ஒரு தரம் வாய் நிறையக் கூப்பிட வேண்டும். அந்த அம்மாளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

பேரால் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. புத்தூர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகை எடுக்கும்போதெல்லாம் நிறுத்தி, "ஏம் பேரு ரா இதி?", இதென்னடா பேர் என்று தெலுங்கில் கேட்பார், வகுப்பே சிரிக்கும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனிகள் வந்து இறங்கிய வருஷங்களில் நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனோம். அங்கே போன முதல் நாளே அவன் சுதீர் ஆகிவிட்டான். நான் மறந்துபோய் "டேய் தவுடு" என்றால் முறைப்பான்.

அதே வருஷங்களில் எங்கள் பக்கம் மழை பொய்த்தது. பெங்களூரில் கட்டடங்கள் எழும்பின. கங்கம்மாள் மகன்களோடு சித்தாள் வேலைக்குப் போனவள் திரும்பவில்லை.

தவுடையாவுக்குத் திருப்பதியில் பெண் அமைந்தது. ஹரிதா, செல்போன் கடையில் கணக்குப் பார்ப்பவள். மாமனார் நாகபூஷணம் பத்திரிகையில் சுதீர் என்றே அச்சடித்துவிட்டார். பொன்னியம்மாள் ஒரே பிடியாக நின்றாள். "கங்கம்மா வராம தாலி ஏறாது. அது அவ புள்ள. அவ இல்லாம நான் யாரு கட்டிவைக்க?"

அவனும் நானும் பெங்களூருக்கு பஸ் ஏறினோம். கே.ஆர்.புரத்துப் பக்கம் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. கட்டடம் கட்டடமாக நுழைந்து, "என் பேரு சுதீர், சித்தூர் ஜில்லா, கங்கம்மாளத் தேடிக்கினு வந்தேன்" என்று விசாரித்தான். அந்த ஊரில் கங்கம்மாவுக்கா பஞ்சம்? ஆளுக்கொரு கங்கம்மாளைக் காட்டினார்கள். எனக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"உன் நெஜப் பேரச் சொல்லித் தொலையேண்டா!"

அவன் தயங்கித் தயங்கி, ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "என் பேரு தவுடையா" என்றான். அவள் கூடையைக் கீழே போட்டாள்.

"ஐயே, கங்கம்மாக்கா தவுட்டுக்கு வாங்குன புள்ளையா நீ? கார் கம்பெனியில கீறான் எம் மவன்னு தெனைக்கும் உன் பேச்சுதானே!"

அவளே எங்களைத் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். கங்கம்மாள் அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அவன் சின்னப் பிள்ளைபோல் விம்மி அழுதான். எனக்கும் அழுகை வந்தது, வந்தால் என்ன?

திருப்பதியில் அலிபிரி பக்கத்து மண்டபத்தில் காலை முகூர்த்தம். ஐயர் மாப்பிள்ளை பேரைக் கேட்டார். "தவுடையா" என்றான், மண்டபத்துக்கே கேட்கும்படி.

நாகபூஷணம் பதறினார். "பத்திரிகையில சுதீர்னு போட்டிருக்கே மாப்ள!"

"அது பத்திரிகைக்குங்க மாமா. தாலி கட்டப் போறவன் தவுடையா."

மணப்பெண் தலை குனிந்தபடியே சிரித்தாள். "தவுடையாவையே கட்டிக்கிறேன், மந்திரத்தச் சொல்லுங்க சாமி" என்றாள்.

பொன்னியம்மாள் மணவறையில் ஏறி, கூலிக்கு வந்தவள் முன்னால் முந்தானையை ஏந்தினாள். "கங்கம்மா, உம் புள்ளைய எனக்குத் திருப்பிக் குடும்மா. இன்னா வெலை சொன்னாலும் சரி."

"விக்கமாட்டேன்" என்றாள் கங்கம்மாள்.

பொன்னியம்மாள் முகம் செத்துப்போயிற்று. எனக்கு வந்த கோபத்துக்குக் கங்கம்மாளைப் பிடித்து இழுத்திருப்பேன்.

"விக்கமாட்டேன்னு சொன்னேன். குடுக்கமாட்டேன்னா சொன்னேன்? எம் புள்ளைக்கு ஏதுக்கா வெலை? சும்மா எடுத்துக்கோ. எனக்கும் அவன் புள்ளதான், உனக்கும் புள்ளதான். கூப்புடு. எந்த எமன் வந்துடறான், நானும் பாக்குறேன்!"

பொன்னியம்மாள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கங்கம்மாள் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எம் புள்ள!"

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார்.

"எம் புள்ள தவுடையா!"

"இன்னாம்மா?" என்றான் அவன்.

அவளுக்கு அவனிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் பலமாக, மறுபடியும் கூப்பிட்டாள்.