நாலாவது படுக்கை

செர்காமில் படகு விற்கும் மரைக்காயர் மாமாவின் கொட்டகையில் இரண்டு பாய்மரப் படகுகள் டிரெய்லர் மேல் ஏறி நின்றன. எது எங்கள் வீட்டுக்கு என்று அன்றைக்கே முடிவாக வேண்டும். குருபோங்கில் எங்கள் வீட்டு வாசலில் காரை எடுக்கும்போதே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முட்டிக்கொண்டுவிட்டது.

சின்னதை எங்கள் ஓட்டைக் காரே இழுத்துவிடும். முழங்கால் அளவு தண்ணீரில் மிதக்கும். பெரியதில் அறை உண்டு, அறைக்குள் நாலு படுக்கை உண்டு. ஆனால் அதை இழுக்க வேறு வண்டியே வாங்க வேண்டும்.

"நாம மூணு பேருதானே, சின்னதே போதும்லா," என்றாள் அம்மா.

அப்பா பெரியதையே சுற்றிச் சுற்றி வந்தார். படகு ஆசை என் அண்ணனுடையது. டிங்கிக் காய்ச்சலில் அவன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்கு ஐந்து வயது. சாமிகிட்ட போயிருக்கான் என்று சொல்லியிருந்தார்கள். போனவன் வந்துவிடுவான் என்பது என் கணக்கு.

அவர்கள் பேசி முடிக்கிற மாதிரி தெரியவில்லை. நான் கவுனைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் ஏறிப் பெரிய படகின் அறைக்குள் புகுந்தேன். வெளியே அத்தனை வெயில், உள்ளே கும்மிருட்டு. ஒவ்வொரு படுக்கையாகப் படுத்துப் பார்த்தேன். மூன்றும் சில்லென்று இருந்தன. மூலையில் இருந்த நாலாவது மட்டும் கதகதப்பாக இருந்தது. மெத்தையில் பள்ளமும் விழுந்திருந்தது. காலையில் அண்ணன் எழுந்ததும் அவன் இடத்தில் உருண்டு படுப்பேனே, அதே சூடு. பயமா? ஐயோ, எனக்கு ஒரே சந்தோஷம்!

தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். "அம்மா, அண்ணன் இங்கதான் படுத்திருந்துச்சு! இப்பதான் எழுந்து போயிருக்கு!"

மரைக்காயர் மாமா திருதிருவென்று விழித்தார். "பூனையா இருக்கும்மா," என்றவர், "மாசக் கணக்கா பூட்டித்தானே கெடந்துச்சு, இப்பதான் தொறந்தேன்," என்று தனக்குள் முனகினார்.

ஏணியென்றாலே தலைசுற்றும் அம்மா விறுவிறுவென்று ஏறி வந்தாள். என்னை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை.

"சின்னதையே எடுத்துக்கலாம், இறங்கி வாம்மா," என்று அப்பா கீழிருந்து அம்மாவிடம் கெஞ்சினார்.

அம்மா வந்தாள். வலது கையை இறுக மூடியிருந்தாள். "பெருசையே எடுங்க," என்றாள்.

நினைத்தது நடந்தும் அப்பா ஏன் அப்படி அழுதார் என்று எனக்குப் புரியவில்லை. திரும்பும் வழியெல்லாம் அம்மா அந்தக் கையைத் திறக்கவேயில்லை. உள்ளே மிட்டாய்தான் இருக்கிறது என்று நினைத்து அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன்.

"விடும்மா," என்றாள். "சூடு ஆறிடும்."