இடது கைப் பந்தி

போன சனிக்கிழமை கிள்ளானில், நல்ல சாப்பாட்டு நேரத்தில், ஒரு கடை நிறைய ஆட்கள் பார்க்க எனக்குத் திட்டு விழுந்தது. திட்டு வாங்கிய நானோ வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன்.

பைத்தியமா என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

நான் படம் வரைகிறவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் வரை படித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் ஓவியத்தில் டிப்ளோமா வாங்கிய முதல் ஆளும் நான்தான். எந்தக் கம்பெனிக்கும் போகாமல், செந்தூல் அடுக்குமாடி வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கல்யாணக் கார்டு, தீபாவளி வாழ்த்து, கதைக்குப் படம் என்று வருவதையெல்லாம் வரைந்து கொடுக்கிறேன்.

இந்தக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வினோதமான கஷ்டம். என்ன வரைந்தாலும் அதை நான் வரைந்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை!

"அடடா... கம்ப்யூட்டர் என்னமா வரைஞ்சிருக்கு!" என்கிறார்கள். பக்கத்தில் நான் நிற்பேன். என்னை யாரும் பார்க்க மாட்டார்கள்.

சரஸ்வதி பூஜையன்று அம்மா திரைக்கு ஒரு சந்தனப் பொட்டு, கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்குக்கூட ஒன்று வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு? கிண்ணத்தில் சந்தனம் தீர்ந்துவிட்டது.

அப்பா இன்னும் மோசம். அவர் லோரி ஓட்டுகிறவர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி மேருவில் இருக்கும் தொழிற்சாலைகளில் இறக்குவது அவர் வேலை. தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டவர். என் படம் எதையாவது யாராவது பாராட்டினால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்: "என் மக வாங்கின கம்ப்யூட்டரு வரைஞ்சது!"

மகள் வாங்கினாளாம். கம்ப்யூட்டர் வரைந்ததாம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏம்ப்பா, அப்போ மேருவுக்கு லோரி தானாத்தான் போவுதா?"

"லோரிக்கு ஸ்டீரிங் பிடிக்கணும், கியர் போடணும், ரோட்டைப் பார்க்கணும். நீ சும்மா உட்கார்ந்துக்கிட்டு அந்த எலிய இப்படி அப்படி நகர்த்துறே. ரெண்டும் ஒண்ணா?"

சும்மா!

மவுஸால் ஒரு கண்ணை வரைந்து பார்த்திருக்கிறீர்களா? நனைந்த சோப்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு கோலம் போடுவதுபோல் இருக்கும். முதலில் நான் பென்சிலால் காகிதத்தில்தான் வரைகிறேன். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போய், ஸ்கேன் செய்யும் கடையில் கொடுத்து, ஒரு டிஸ்க்கில் அடங்காத படத்தை நான்கு டிஸ்க்குகளில் வெட்டி வாங்கி வந்து, வீட்டில் மறுபடி ஒட்டி, அதன் மேல் மவுஸால் ஒவ்வொரு கோடாக இழுக்க வேண்டும். பெரிய படத்துக்கு ஒரு வண்ணத்தை மாற்றச் சொன்னால் கம்ப்யூட்டர் யோசிக்கும். அது யோசிக்கும் நேரத்தில் நான் வெங்காயம் உரித்து முடித்துவிடுவேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு தடவை, நாலு பேர் கேட்கும்படி, 'இது என் மக வரைஞ்சது' என்று அப்பா சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பேராசையா?

இந்த நிலைமையில்தான் அந்தக் காலண்டர் வேலை வந்தது.

கிள்ளானில் அப்பா தினமும் மத்தியானம் சாப்பிடும் வாழையிலைக் கடை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி தண்டபாணி அங்கிள். வருஷா வருஷம் வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர் கொடுப்பவர். சிவகாசியிலிருந்து வரும் லட்சுமி படத்தில் கடைப் பெயரை அச்சடித்துக் கொடுத்துவந்தார். இந்த வருஷம் அவருக்குப் புதுசாக ஒரு யோசனை. கல்யாணப் பந்தி மாதிரி, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, ஆட்கள் வாழையிலையில் சாப்பிடுகிற படம் வேண்டும்.

என் முதல் காலண்டர். விடுவேனா?

ஒரு வரிசையை ரசித்து ரசித்து வரைந்தேன். ஆறு பேர். ஒருவர் அப்பளத்தை நொறுக்குகிறார், ஓர் அம்மா ரசத்தை இலையில் அணை கட்டி நிறுத்துகிறார், இப்படி. அது முடியவே பல நாளாயிற்று. எதிர் வரிசைக்கு இன்னும் ஆறு பேர் வேண்டுமே?

கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை இருக்கிறது. அழுத்தினால், கண்ணாடியில் தெரிவதுபோல் படம் அப்படியே திரும்பிக்கொள்ளும். அழுத்தினேன். எதிர் வரிசை ரெடி! ஒரே ஆட்கள் என்று தெரிந்துவிடக் கூடாதல்லவா? ஒருவருக்கு மீசையை எடுத்தேன், ஒருவருக்கு வழுக்கை வைத்தேன், சேலைகளின் நிறத்தை மாற்றினேன். பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அச்சகத்தில் பெரிதாக ஒரு மாதிரிப் பிரதி எடுத்து அங்கிளிடம் கொடுத்தேன். அவர் உடனே ஓகே சொல்கிற ஆளில்லை. கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிட்டு, "ஒரு வாரம் தொங்கட்டும் பாப்பா. நாலு பேரு பார்க்கட்டும்" என்றார்.

நாலு பேர் என்ன, நானூறு பேர் பார்த்தார்கள். எல்லாரும் கம்ப்யூட்டரைப் பாராட்டினார்கள். தினமும் அப்பா வீட்டுக்கு வந்து, யார் யார் கம்ப்யூட்டரைப் புகழ்ந்தார்கள் என்று எனக்கே பட்டியல் படித்தார்.

சனிக்கிழமை, ஓகே வாங்குவதற்காக நானே போனேன். அப்பா வழக்கமான மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ஆ ஹோங். எதிரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். சீனர். தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மலாய் கலக்கும். ஒரு வேலைக்காக அந்த வாரம் முழுக்க ஈப்போவில் இருந்துவிட்டு அன்றுதான் கடைக்கு வந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே படத்தைப் பார்த்தார். பிசைவதை நிறுத்தினார்.

"செல்லம்மா அக்கா! இங்க வாங்க லா!"

சோறு போடும் செல்லம்மா அக்கா வாளியோடு வந்தார். "என்னா ஆ ஹோங்? ரசமா?"

"ரசம் வேணாம். நான் மொத மொதல்ல இந்தக் கடைக்கு வந்தப்போ, இடது கைய இலையில வெச்சேன். நீங்க என்னா செஞ்சீங்க?"

"கரண்டியால ஒண்ணு வெச்சேன். அதுக்கு என்ன இப்போ?"

"எனக்கு மட்டும் அடி. அந்த ஆறு பேருக்கு அடி இல்லையா? எல்லாம் தங்ஙான் கிரி! மானா போலே? எப்படி முடியும்?"

கடை முழுக்கத் திரும்பியது.

படத்தின் வலப்பக்கம், நான் திருப்பிப் போட்ட வரிசையில் ஆறு பேரும் இடது கையால் ஆனந்தமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஐயையோ, பீச்சாங்கை!" என்றார் செல்லம்மா அக்கா. பிறகு சுவருக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். "இலையும் மாறிக் கிடக்கே... நுனி வலப்பக்கம் இருக்கு! முந்தானையும் வலது தோள்ல!"

ஒருவர் ஆரம்பித்துவிட்டால் போதாதா? ஆளாளுக்கு எழுந்து வந்து குற்றம் கண்டுபிடித்தார்கள். ஒரு வாரமாக அந்தப் படத்தைப் பார்த்தபடியே தினமும் மூன்று தடவை மறுசோறு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான் எல்லாரும்!

பிறந்ததிலிருந்து வலது கையால் சாப்பிடுகிற நமக்குக் கை கண்ணில் படவே இல்லை. அடி வாங்கிக் கற்றுக்கொண்டவருக்குத்தான் பட்டது. யோசித்துப் பாருங்கள்... எத்தனை விஷயம் இப்படி நம் கண்ணுக்கு எதிரில் தொங்கிக்கொண்டிருக்கிறதோ!

தண்டபாணி அங்கிளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இதை வீட்டுல மாட்டுனா என் கடைய பத்தி என்னா நினைப்பாங்க? பேசாம லட்சுமி படத்துக்கே போயிருக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. குரலை இறக்கி, "கம்ப்யூட்டர் கோளாறா பாப்பா?" என்று கேட்டார்.

தப்பித்துக்கொள்ள வாசலைத் திறந்து வைத்துவிட்டார், நல்ல மனுஷன். 'ஆமா அங்கிள்' என்று சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை, திருப்பியது கம்ப்யூட்டர்தானே? படித்த பெண் என்ற பெயருக்கும் பழுதில்லை.

அப்பாவைப் பார்த்தேன். கையில் சோற்று உருண்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

புகழ் மட்டும் என்னுடையது, தப்பு கம்ப்யூட்டருடையது என்றால் அது என்ன நியாயம்?

"இல்ல அங்கிள். கம்ப்யூட்டருக்குக் கை எது, காலு எதுன்னே தெரியாது. நான்தான் வரைஞ்சேன். நான்தான் தப்பா வரைஞ்சேன்."

அப்பா எழுந்தார். உருண்டையை இலையில் போட்டார்.

"ஏம்மா, இத்தனை வருஷமா நம்ம வீட்டுல எந்தக் கையில சோறு தின்னே? இவ்வளவு படிச்சும் இடது எது வலது எதுன்னு தெரியலையா?" என்று ஒரு போடு போட்டார். அதோடு நிற்கவில்லை. கடையைப் பார்த்துத் திரும்பி, லோரிக்காரர்களுக்கே உரிய குரலில் சொன்னார்: "இது என் மக வரைஞ்சது! தப்பா வரைஞ்சிட்டா. அவளே சரியா வரைஞ்சு கொடுப்பா!"

கேட்டீர்களா? என் மக. வரைஞ்சது.

"திட்டுறோம், சிரிக்குது பாரு இந்தப் புள்ள!" என்றார் அங்கிள். நான் என்ன செய்ய? வாய் மூட மாட்டேன் என்றது.

ஒரு வாரம் தவணை கொடுத்தார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவரின் வலது கை நம் பார்வைக்கு உடம்பின் அந்தப் பக்கம் போய்விடும். முகமும் தோளும் பாதி மறைக்கும். வரைவதற்குக் கஷ்டமான கை. அந்தக் கஷ்டத்துக்குப் பயந்துதானே கட்டளையை அழுத்தினேன்?

அப்பாவைத் தரையில் உட்கார வைத்தேன். இலை போட்டு, சோறு போட்டு, "இப்படித் திரும்புங்கப்பா. கைய வாய்க்குக் கொண்டு போங்க. அப்படியே இருங்க" என்றேன்.

"சோறு ஆறுதும்மா."

"இன்னும் அஞ்சு பேரு இருக்காங்கப்பா."

மூன்று நாள், ஆறு விதமாக அப்பா சாப்பிட்டார். ஆறு கைகளையும் தனித்தனியாக வரைந்தேன். இரண்டு கைக்கு வளையல் போட்டேன். இலைகளைத் திருப்பினேன், முந்தானைகளை இடம் மாற்றினேன். பக்கத்தில் உட்கார்ந்து அப்பா ஒவ்வொரு கோட்டையும் பார்த்தார். "எலிய நகர்த்துறது லேசு இல்லதான் போல" என்று ஒரு வார்த்தை வந்தது. போதும் எனக்கு.

நேற்று புதுப் பிரதியைக் கொண்டுபோனோம். ஆ ஹோங் ஒவ்வொரு கையாக விரல் வைத்து எண்ணினார். பன்னிரண்டு. பன்னிரண்டும் வலது. "பாகுஸ்! ரொம்ப நல்லா இருக்கு!" என்றார். அங்கிள் ஓகே சொன்னார். நான் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினேன். இப்போது சொல்வார். சொல்லப்போகிறார்...

"அந்தப் பக்கம் இருக்கிற ஆறு கையும் என் கை லா!" என்றார் அப்பா.

"வளையல் போட்ட கைகூடவா அண்ணே?" என்று கேட்டார் செல்லம்மா அக்கா.

"அதுவும் என்னுதுதான்!"

கடையே சிரித்தது. அப்பாவுக்குக் கை கொடுக்க ஆட்கள் வந்தார்கள். நான் ஓரமாக நின்று பாயசம் குடித்தேன்.

காலண்டர் தீபாவளிக்குப் பிறகு வந்துவிடும். உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம் — அதில் வேண்டுமென்றே ஒரு சின்னத் தப்பு விட்டுவைத்திருக்கிறேன். கண்டுபிடிக்கிறவர்கள் தயவுசெய்து கடைக்கே போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். மத்தியானம் ஒரு மணிக்குப் போனால் நல்லது... அப்பா அங்கேதான் இருப்பார்!