அத்தை பார்த்த ஜப்பான் பேய்ப் படம்

திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைக் காலத்து மழை. நனைந்த கூந்தலோடு ஒரு பெண் மரப்பாலத்தின் ஓரமாக நிற்கிறாள், கையில் துணி சுற்றிய குழந்தை. அதுவரை ஏதோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை, அதைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அந்த நொடியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன், பிள்ளைகளே.

சிங்காநல்லூரில் ஒரு திரைப்படச் சங்கத்துக்குத் திரை மாட்டும் இரும்புச் சட்டத்தைக் கணபதியில் எங்கள் பட்டறையில்தான் செய்து கொடுத்தோம். பழைய ஜப்பான் பேய்ப் படம் ஒன்றை ஞாயிறு மதியம் சிறப்புக் காட்சியாகப் போடுகிறோம், வீட்டிலிருந்து யாராவது ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். உங்கள் அம்மா, பேய் என்றால் நான் வரவில்லை என்று ஒதுங்கிக்கொண்டாள். என் அக்காவை, உங்கள் அத்தையைக் கேட்டேன். பேய்ப் படம் அவருக்குச் சிரிப்புப் படம் மாதிரி. "போலாம் கண்ணு. உங்க மச்சான் போனதுலருந்து ஊட்டுல பேயே இல்லாம வெறிச்சுன்னு கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே கிளம்பிவிட்டார்.

படத்தின் அடியில் தமிழில் எழுத்து ஓடியதால் கதை புரிந்தது. பிரசவத்தில் இறந்துபோனவள் அந்தப் பெண். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் குழந்தையைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஓடுகிறார்கள். நான் திரையை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தேன். நீங்கள் பிறப்பதற்கு முன்பு, அக்காவின் ஒரே மகள் நிறைமாதத்தில் வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள். அதன் பிறகு அவள் பேரை எங்கள் குடும்பத்தில் யாரும் எடுத்ததில்லை. எடுத்தால் அக்கா உடைந்துவிடுவார் என்று பயம். போட்டோவைக்கூடப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். அவரும் கேட்கவில்லை, எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்துவிட்டார்.

வெளியே போய்விடலாம் என்று அவர் காதில் சொன்னேன். "இரு. அவ கொழந்தைய ஆரு வாங்கறான்னு நான் பாக்கோணும்" என்றார். வாள் கட்டிய வீரன் ஒருவனும் ஓடினான். "ஓடாத சாமி. ஒருக்கா வாங்கிக்க" என்று அக்கா திரையைப் பார்த்துச் சொன்னது அரங்கம் முழுக்கக் கேட்டது. பின்னால் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்கள். கடைசியில் ஒரு விறகுவெட்டி குழந்தையை வாங்கினான். வாங்கியதும் அது கல்லாகக் கனத்தது. முழங்கால் மடங்கியும் அவன் கீழே வைக்கவில்லை. விடிந்தபோது அந்தப் பெண் இல்லை. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்மூர்லயும் இப்புடிப் போனவளுக்குச் சுமைதாங்கி நடுவாங்க. வழில போறவன் தலைச்சுமைய அந்தக் கல்லு மேல எறக்கி வெச்சா, அவ பாரமும் கொறையும்பாங்க. எந்தத் தேசத்துப் பொம்பளைக்கும் அதே பாரந்தான் போல" என்றார், பேருந்துக்கு நிற்கும்போது. ஏறி உட்கார்ந்ததும் மகளின் பேரைச் சொன்னார். அத்தனை வருடம் கழித்து அந்தப் பேரை அவர் வாயால் கேட்கிறேன். சைக்கிள் பழகிச் சாக்கடையில் விழுந்தவள், வெண்டைக்காயைக் கண்டால் தட்டை நகர்த்துகிறவள், பிறக்கப்போகும் பிள்ளைக்கு யாரிடமும் சொல்லாமல் ஒரு பேர் எடுத்து வைத்திருந்தவள். எல்லாம் வந்தது. அழுதார், நடுவில் சிரித்தார். பேச்செடுத்தால் நாங்கள் எல்லாரும் கலங்கிப்போவோம் என்றுதான் அவர் வாயைத் திறக்காமல் இருந்தாராம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

கணபதியில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கும் வா கண்ணு. இன்னம் சொல்றதுக்கு நெறைய இருக்குது."

போனேன். இப்போதும் போகிறேன். இந்த வாரம் நீங்களும் வாருங்கள். உங்களுக்கு ஓர் அக்கா இருந்தாள். அத்தை அவளைப் பற்றிச் சொல்லுவார்.