மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு

என் காரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்ததும், ஆளாளுக்கு என்னிடம் சொன்னது ஒரே யோசனைதான். வித்துடு.

பதினான்கு வருடத்துப் பெட்ரோல் கார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தேன். திருவிடந்தைக் கரையில் என் வீட்டுக்காரர் படகில் வரும் மீனை ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய், தெருத்தெருவாக நானே விற்பேன். அதற்கு முன்னால் பஸ்தான். ஒருநாள் நாறுகிறது என்று சொல்லிக் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார். கொதிக்கும் தார் ரோட்டில் கூடையைச் சுமந்து நடந்தபோதே முடிவெடுத்தேன், இனிமேல் எவனுடைய படிக்கட்டிலும் கூடையோடு நிற்கமாட்டேன் என்று. ஓட்டக் கற்றுக்கொண்டு இதை வாங்கினேன். மற்றவர்களுக்கு அது பழைய வண்டி. எனக்கு, அது போனால் மறுபடியும் அந்தப் படிக்கட்டு.

செங்கல்பட்டு மெக்கானிக் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகிப் பார்த்து, மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்றார். நான்கில் ஒன்று ஒழுங்காகத் தீப்பிடிக்கவில்லை, அதனால்தான் வண்டி உதறுகிறது. பிளக்கை மாற்றி விளக்கை அணைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் எரிந்தது. பிளக்குக்கு மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினார். அதற்கடுத்த வாரமும் எரிந்தது. மூன்றாம் தடவை என்னிடம் பேசுவதையே விட்டுவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, லேடீஸ் ஓட்டுற வண்டி அப்படித்தான் இருக்கும் என்று விளக்கம் சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். விளக்குக்கு நான் பொம்பளை என்று யார் போய்ச் சொன்னது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"யக்கா, வண்டி ஓடுதுல்ல? அந்த லைட்டு மேல ஒரு பொட்ட ஒட்டிகினு ஓட்டு."

மறைத்துவிட்டால் சரியாகிவிடுமா? காய்ச்சல் வந்த பிள்ளைக்கு யாராவது அப்படி வைத்தியம் பார்ப்பார்களா? பொட்டு ஒட்ட முடியாது என்று சொல்லி, விளக்கை மட்டும் அணைக்க வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் அதற்குள் படாளத்தில் ஓர் ஆளைப் பிடித்துவிட்டார். விவசாயக் குடும்பம், இரண்டு ஞாயிறு கழித்து வண்டி பார்க்க வருவதாகப் பேச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விளக்கு எரிந்த நாளிலெல்லாம் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்தேன், மெக்கானிக்கிடம் காட்டலாமென்று. அன்றைக்கு எடுத்துப் பார்த்தால் மூன்று தாளும் சனிக்கிழமை. வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. "அதான் சனி புடிச்ச வண்டின்னு அப்பவே சொன்னேன்ல" என்றார். பக்கத்து வீட்டுக்காரி எள் விளக்குப் போடச் சொன்னாள். சனீஸ்வரனுக்கு மூன்றாவது சிலிண்டரில் என்ன வேலை? சனிக்கிழமை எரிகிறது என்றால் வெள்ளிக்கிழமை ஏதோ நடக்கிறது.

வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது என்று யோசித்தேன், தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கரையில் படகு எஞ்சினை அப்படியே விடமாட்டார்கள். கடலிலிருந்து வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் விசிறி உள்ள கீழ்ப்பகுதியை அதில் இறக்கி ஓட விடுவார்கள். இல்லையென்றால் உப்பு தின்றுவிடும். என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பானெட்டைத் திறந்து எஞ்சின் தலையிலும் ஹோஸ் பைப்பால் நல்ல தண்ணீர் அடிப்பார். விற்கத் துடித்துக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் அவ்வளவு பாசம். அதை நினைத்தபோது எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது.

அடுத்த சனிக்கிழமையும் விளக்கு எரிந்தது. மீனைக்கூட விற்காமல் நேராக மெக்கானிக்கிடம் போனேன். கருவியை எடுக்க வேண்டாம், முதலில் மூன்றாவது காயிலைக் கழற்று என்றேன். முனகிக்கொண்டே கழற்றினார். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மேல் மூடியில் அந்த இடத்தில் மட்டும் ரப்பர் வெடித்திருந்தது. வூட்ல எஞ்சினுக்குத் தண்ணி அடிக்கிறீங்களா என்று அப்போதுதான் கேட்டார். இத்தனை வாரமும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. போனை நீட்டி, இதையும் என் வீட்டுக்காரருக்கு நீயே சொல் என்றேன். அவர் போனை வாங்கவில்லை. குழியைத் துடைத்து உலர வைத்து, ரப்பரை மாற்றி, விளக்கையும் அணைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பைப்போடு வந்த வீட்டுக்காரரை பானெட்டுக்கு முன்னால் நின்று மறித்தேன்.

"இன்னாமே, உப்பு தின்னுட்டு போவும். இதுவும் எஞ்சின் தானே?"

"யோவ், இது ரோட்ல ஓடுது. உன் போட் எஞ்சினுக்கு ஊத்து, இதுக்கு ஒரு சொட்டு ஊத்தாத."

சனிக்கிழமை செங்கல்பட்டு போய் வந்தேன். விளக்கு எரியவில்லை. ஒருநாள் எரியாததை வைத்து என்ன சொல்வது என்று வீட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார். படாளத்துக்காரரை வர வேண்டாமென்று சொல்லவும் இல்லை.

ஞாயிறு காலை, மீன் ஏற்றும் நேரத்துக்குப் படாளத்துக்காரர் வந்து நின்றார். நல்ல மனிதர், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னார். கதவைத் திறந்து உட்கார்ந்தேன். மீட்டர் கண்ணாடியில், அந்த விளக்கு இருக்கும் இடத்தில், ஒரு அரக்குப் பொட்டு. என் பொட்டு, வீட்டு முகக்கண்ணாடியில் நான் ஒட்டி வைத்திருந்தது. வீட்டுக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பொட்டைப் பிய்த்து விரல் நுனியில் வைத்துக்கொண்டேன். படாளத்துக்காரரைக் கிட்டே கூப்பிட்டு, இந்த விளக்கைப் பாருங்கள் என்று சாவியைத் திருப்பினேன். எஞ்சின் கிளம்புமுன் எப்போதும் எரியும் எல்லா விளக்குகளோடும் அதுவும் மஞ்சளாக எரிந்தது. வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. எஞ்சினைக் கிளப்பினேன். உதறல் இல்லை. மஞ்சள் விளக்கு அணைந்தது.

ரியர்வியூ கண்ணாடியைத் திருப்பி அந்தப் பொட்டை என் நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

"வண்டி விக்கிறதுக்கு இல்லண்ணா. வந்ததுக்கு நாஸ்தா துன்னுட்டு போங்க."

பிறகு வீட்டுக்காரரிடம் ஐஸ் பெட்டியைத் தூக்கி வைக்கச் சொன்னேன். தூக்கி வைத்தார்.