பழியெல்லாம் வெயில் மேல்

அந்த ஆளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அவர் குடியிருக்கும் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. ‘ஒரே டேக்’ வீடு எது என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். “ரெண்டாந்தடவை சிரிக்கச் சொல்றவன் போட்டோகிராபரே இல்லைங்க. நமக்கு எப்பவும் ஒரே டேக்தான்” என்று போகிற இடமெல்லாம் மார்தட்டி அவராகவே சம்பாதித்த பட்டம் அது. கடைப் பலகையிலும் அதையே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

முதல் தடவை எடுத்தது சரியாக வந்ததா என்று திரும்பிப் பார்த்தால்தானே ரெண்டாவது தடவை எடுக்கத் தோன்றும்? அந்தக் கெட்ட பழக்கமே அவரிடம் கிடையாது. படத்தில் மாப்பிள்ளை முகம் கறுத்திருந்தால், “வெயில்ங்க, நான் என்ன பண்றது?” பாட்டியம்மாவின் தலை பாதி காணாமல் போயிருந்தால், “கண்ணுல வெயில் அடிச்சுதுங்க.” விழா முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாலும் வெயில்தான் காரணம். வாய் இருந்திருந்தால் சூரியன் இவர் மேல் கேஸ் போட்டிருக்கும்.

அவர் வைத்திருந்த வீடியோ கேமரா நல்ல கேமரா. பாவம், வாய்த்த இடம்தான் சரியில்லை. கறுப்பு உடம்பு. படம் ஓட ஓட உள்ளேயே சூடேறும், அதோடு வெளி வெயிலும் சேர்ந்துகொண்டால் ஓர் அளவுக்கு மேல் தாங்காது. நாற்பது டிகிரிக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள், திரையை உடம்போடு ஒட்டாமல் விரித்து வையுங்கள், நிழலில் வையுங்கள் என்று கூடவே வந்த கையேட்டில் படம் போட்டு எழுதியிருந்தது. ஒரே டேக்குக்கும் அந்தக் கையேடு ரொம்ப உபயோகமாகத்தான் இருந்தது. ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

கேமராவை அவர் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்தான் வைத்துக்கொண்டு போவார். கீழே எஞ்சின், மேலே அவர். இரண்டு பக்கச் சூட்டையும் வாங்கிக்கொண்டு அது வேலைக்கு வந்து சேரும்போதே பாதி வெந்திருக்கும். ஒரு தடவை சூடாகி நின்றுபோனதும், யாரோ சொன்னார்கள் என்று குளிர்பானம் வைக்கும் ஐஸ் பெட்டிக்குள் கேமராவைப் புதைத்துவிட்டார். அரை மணி கழித்து வெளியே எடுத்ததும் லென்ஸ் உள்ளும் புறமும் வியர்த்துக் கொட்டியது. அன்று எடுத்த குடும்பப் படத்தில் பதினேழு பேரும் ஆவி மாதிரி நின்றார்கள். ‘கனவு எஃபெக்ட்’ என்று சொல்லி அதையே அவர்கள் தலையில் கட்டினார் பாருங்கள், அங்கேதான் மனிதர் நிற்கிறார்!

இந்த மனிதரைத் திட்டக்கூடிய ஒரே ஆள் அவருடைய அக்கா. ஒன்பது வயது மூத்தவர். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை. காலை மணி, இடைவேளை மணி, வீட்டு மணி என்று முப்பத்தொரு வருஷம். பிள்ளைகள் அவரை மணியக்கா என்பார்கள். வெயிலில் கேமரா நின்றுபோகிறது என்று கேள்விப்பட்டதும் அவர்தான் பெரிய வெள்ளைக் குடை ஒன்று வாங்கி, மேலே போர்த்த வெள்ளைத் துணியும் தைத்துக் கொடுத்தார். துணியால் ஒரே டேக் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொள்வார். குடை அவர் தலைக்கு மேலே இருக்கும். கேமரா வெயிலில் இருக்கும்.

அக்கா ஓய்வு பெறும் நாளும் பள்ளியின் விளையாட்டு விழாவும் ஒன்றாக வந்தன. மேடையில் அக்காவுக்கு ஒரு நினைவுப் பரிசு கொடுப்பார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள். வீடியோ எடுக்கப் பள்ளி ஒரே டேக்கைத்தான் அமர்த்தியிருந்தது, அதுவும் அக்கா சிபாரிசில்தான்.

அக்காவுக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் வேலை. அவன் கரைக்கு வர இன்னும் மூன்று மாதம் ஆகும். விழாவுக்கு முந்தின வாரம் முழுக்க அக்கா பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தம்பி கிண்டல் செய்தபோது, கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“அவன்கிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குடா. நேர்ல எனக்கு வாய் வராது, போன்ல அழுதுடுவேன். மேடையில ஏறினா நிறுத்த முடியாதுல்ல, சொல்லித்தானே ஆகணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் பேசறது மட்டும் அவனுக்குப் போய்ச் சேரணும்.”

“கவலைய விடுக்கா. கேமராவுக்கு முன்னாடி ஒரு சிவப்புப் புள்ளி எரியும். அதையே உன் பையன்னு நெனச்சுப் பேசு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றார் ஒரே டேக்.

விழா நடந்தது மொட்டை வெயிலில். மைதானத்து மரங்களை எல்லாம் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று போன வருஷமே வெட்டிவிட்டார்கள். ஒரே டேக் மேடைக்கு எதிரே நட்ட நடுவில் ஸ்டாண்டை ஊன்றினார். பெற்றோர்கள் ஆளாளுக்குப் போனைத் தூக்குவதைப் பார்த்ததும் அவருக்கு மூக்கு வியர்த்தது. மைக்கை வாங்கி, “தயவுசெஞ்சு யாரும் போன் தூக்காதீங்க, ஃப்ரேம்ல கை வருது. எல்லாம் நம்ம கேமராவுல வரும்” என்று அறிவித்தார். ஆசிரியர்கள் உட்பட எல்லோரும் போனைப் பைக்குள் வைத்தார்கள்.

பள்ளி நிர்வாகி பேச எழுந்தார். எழுந்தார் என்று எழுதுவது சுலபம், உட்கார்ந்தார் என்று எழுதத்தான் ஐம்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று. கட்டடம் கட்டிய கதை, தண்ணீர்த் தொட்டி கட்டிய கதை, தான் சின்ன வயதில் ஓடிய ஓட்டம். நிழல் தேடிப் பிள்ளைகள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டார்கள். ஒரே டேக் ஒரு விநாடிகூட நிறுத்தவில்லை. இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் முழுப் பேச்சையும் பிடித்தார். அடுத்த வருஷ வேலையும் நிர்வாகி கையில்தானே இருக்கிறது!

நாற்பதாவது நிமிடம் அக்கா கூட்டத்தின் ஓரமாக வந்து தம்பியின் காதருகே சொன்னார்.

“கொஞ்சம் நிறுத்தி ஆற விடுடா. குடையாவது அது மேல பிடி.”

“தொழில் எனக்குத் தெரியும்க்கா. நீ போய் உன் நாற்காலியில உக்காரு.”

ஐம்பதாவது நிமிடம் திரையில் மஞ்சளாக ஒரு வெப்பமானிப் படம் மினுக்கியது. ஒரே டேக் அதைக் கட்டை விரலால் துடைத்துப் பார்த்தார். நிர்வாகி உட்கார்ந்தார், கைதட்டல் முடிந்தது. “அடுத்ததாக நம் மணியக்கா” என்று அறிவிப்பு வந்த அதே நேரம் திரை இருண்டது. பொத்தானை அழுத்தினார். ‘ஆறும் வரை இயங்காது’ என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுக் கேமரா மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. கேமரா உடம்பு கையைச் சுட்டது.

சட்டைப் பையில் போன் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் முடிந்தது வேலை. எடுக்கவில்லை. எடுத்தால் ஒரே டேக்கின் கேமரா படுத்துவிட்டது என்று ஐந்நூறு பேருக்கும் தெரிந்துவிடாதா? போனைத் தூக்காதே என்று மைக்கில் சொன்ன வாய் எந்த முகத்தோடு போனைத் தூக்கும்? குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கி, இருண்ட திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் ஃபோகஸ் வளையத்தைக்கூடத் திருகினார், சண்டாளர்.

அக்கா ஒரு சுவர்க் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு மைக்கின் முன் வந்தார். முப்பத்தொரு வருஷம் நேரம் சொன்னவருக்குக் கடிகாரம்! நேராகக் கேமராவைப் பார்த்தார். அப்படியே தம்பியின் சட்டைப் பையையும் பார்த்தார். பிறகு பேசினார்.

“கண்ணு, ஊர்ப் பிள்ளைங்க வீட்டுக்குப் போறதுக்கெல்லாம் நான்தான் மணி அடிச்சேன். நீ ஸ்கூல் விட்டு வர்றப்ப ஒரு நாள்கூட நான் வாசல்ல நின்னதில்ல. சாவிய செருப்புக்கு அடியில வெச்சுட்டு வருவேன். நீயே திறந்து, நீயே போட்டுச் சாப்பிட்டே. ஒரு நாளும் குறை சொன்னதில்ல. சொல்லியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். நாளையிலேருந்து நான் வீட்டுலதான் இருப்பேன். நீ வர்ற அன்னிக்குச் சாவி தேடாத. வாசல்ல நான் நிப்பேன்.”

முன்வரிசையில் ஓர் ஆசிரியை மூக்கைத் துடைத்துக்கொண்டார். நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கூட்டம் கலைந்த பிறகு, தண்ணீர்த் தொட்டி நிழலில் கேமராவை விசிறிக்கொண்டிருந்தார் ஒரே டேக். அக்கா வந்தார். இவர் தலை நிமிராமல், “அக்கா, ரொம்ப நல்லா பேசினே. இன்னொரு ஆங்கிள்ல ஒரு தடவை சொன்னா அம்சமா இருக்கும்” என்றார்.

“சிவப்புப் புள்ளி எரியலடா.”

ஒரே டேக் விசிறுவதை நிறுத்தினார். “தெரிஞ்சுமா பேசினே?”

“பாதியில நிறுத்தி, என் தம்பி சும்மா நிக்கறான்னு மைக்ல சொல்லச் சொல்றியா? ஐந்நூறு பேர் முன்னாடி உன் மானத்த வாங்கவா உன்னை வளர்த்தேன்? போனை எடுப்பே, எடுப்பேன்னு பாத்தேன். பாக்கெட்டு துருத்திக்கிட்டுதான் இருந்துச்சு.”

“இப்ப ஆறிடுச்சுக்கா. ஒரே ஒரு தடவை சொல்லு. காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“எனக்கும் ஒரே டேக்தான்டா” என்று சொல்லிவிட்டு அக்கா கடைசி மணியை அடிக்கப் போனார். கேமரா அப்போதுதான் உயிர் பெற்றது. சிவப்புப் புள்ளி ஜோராக எரிந்தது. பதினான்கு விநாடி, நடந்து போகிற அக்காவின் முதுகு பதிவாயிற்று.

மூன்று மாதம் கழித்துக் கப்பல் கரை சேர்ந்ததும் மருமகன் மாமாவைப் போனில் அழைத்தான்.

“வீடியோ பாத்தேன் மாமா. யாரோ ஒருத்தர் பேசறாரு, பேசறாரு, பேசிட்டே இருக்காரு. கடைசியில அம்மாவோட முதுகு வருது. அம்மா ஒண்ணுமே பேசலையா? அவங்களக் கேட்டா, மாமாவக் கேளுன்னு சிரிக்கறாங்க.”

“வெயில்டா…” என்று ஆரம்பித்தார் ஒரே டேக். இருபது வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது. அப்புறம் நிறுத்தினார். “வெயில் இல்லடா. நான்தான். கேமரா நின்னுபோச்சு. போன் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. நாலு பேர் சிரிப்பாங்களேன்னு எடுக்கல.”

“அம்மா என்ன சொன்னாங்கன்னாவது ஞாபகம் இருக்கா மாமா?” என்றான்.

எப்படி இல்லாமல் போகும்? பார்க்க ஒன்றும் இல்லாத திரைக்கு முன்னால் குனிந்து நின்றவருக்குக் கேட்பதைத் தவிர வேறு என்ன வேலை இருந்தது? ஒரு வார்த்தை விடாமல் சொல்ல ஆரம்பித்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு மணி அடித்தது, வாசலில் நிற்காதது, செருப்புக்கு அடியில் சாவி வைத்தது வரைக்கும் வந்தார். “நீயே திறந்து, நீயே…” என்பதோடு நின்றுவிட்டது. இரண்டு முறை செருமிப் பார்த்தார்.

“இருடா” என்றார். “சரியா வரல. முதல்லேருந்து இன்னொரு தடவை சொல்றேன்.”