கெய்ன் குமிழில் வைத்த பொட்டு

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பதோடு விடமாட்டேன். வெட்டுகிற இடத்தில் மீனை மாற்றிவிடுவார்களோ என்று முடிகிற வரை கூடவே நிற்பேன். ராயபுரத்தில் கார் ஆடியோ கடை வைத்திருக்கிறவன் ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். நான் அவனுக்கு மாமு, அவன் எனக்கு மாமு. அவனைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போய்வர ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் ஊர்ந்து போக வேண்டும். பாட்டாவது நன்றாகக் கேட்கட்டும் என்று அவனிடம் சொல்லி டிக்கியில் சப்வூஃபர் என்கிற பெரிய பேஸ் ஸ்பீக்கரும் அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயரும் வைத்தேன்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, "இரு, கெய்ன் செட் பண்ணணும்" என்று சப்வூஃபருக்குப் போகும் ஒயரைக் கழற்றினான். பேஸ் பூஸ்ட்டை அணைத்தான். ரேடியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, தன் போனிலிருந்து ஏதோ ஒரே சீரான முனகலை ஓடவிட்டான். பிறகு ஆம்ப்ளிஃபயரில் வோல்ட் மீட்டரின் குச்சிகளை வைத்துக்கொண்டு, கெய்ன் என்று எழுதிய சின்னக் குமிழைத் துளித்துளியாகத் திருப்பினான். மீட்டர் முப்பத்தைந்து வோல்ட் காட்டியதும் கையை எடுத்துவிட்டான். குமிழ் பாதிகூடத் திரும்பவில்லை.

"இன்னா மாமு, இன்னும் பாதிக்கு மேல கீதே?"

"அது வால்யூம் இல்ல மாமு. ரேடியோ எவ்ளோ அனுப்புதோ அதுக்குத் தோதா ஆம்ப்ளிஃபயர நிறுத்துறது. அதுக்கு மேல ஏத்துனா பாட்டு உடையும், ஸ்பீக்கர் காயில் கருகிப்பூடும். கை வெக்காத."

சொல்லிவிட்டு மேஜை டிராயரிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷை எடுத்தான். பாதி குமிழிலும் பாதி பெட்டியிலும் படும்படி ஒரு பொட்டு வைத்தான். யாராவது திருப்பினால் பொட்டு இரண்டாகப் பிளந்துவிடும். எதற்கு என்று கேட்டேன். "சொம்மா" என்று சிரித்தான். ஏன் சிரித்தான்? அன்றைக்கே எனக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது.

வேலையிடத்தில் ஒருவர், தன் காரின் கண்ணாடி அதிர அதிரப் பாட்டு வைப்பவர், என் டிக்கியை எட்டிப் பார்த்து எண்ணெய் ஊற்றினார். "உன் தோஸ்து வேணும்னே இறக்கி வெச்சுகிறான்யா. ரெண்டு மாசம் போவட்டும், இது பத்தாது, பெருசு போடுன்னு தலையில கட்டுவான் பாரு." அட, எனக்கு இது தோன்றாமல் போயிற்றே! பாதிக் குமிழை ஒளித்து வைத்துவிட்டு என்னிடமே சிரித்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் கடற்கரையோரம் வண்டியை நிறுத்திக் குமிழைக் கடைசி வரை திருப்பினேன். டிக்கி மூடி தடதடத்தது. ஆஹா, இதைத்தானே மறைத்தான்! ஆனால் அவன் பார்த்தால் தெரிந்துவிடுமே. அதனால் இரவு வீடு திரும்பியதும் பழைய பொட்டைச் சுரண்டிவிட்டு, மனைவியின் நெயில் பாலிஷால் புதிய இடத்தில் பொட்டு வைத்தேன். அதுவும் சிவப்புதான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. வேலையிலிருந்து திரும்பும் வழியில் கருகிய வாடை வந்தது, பிறகு சப்வூஃபர் ஊமையாகிவிட்டது. நான் திருப்பியதால்தான் என்று நினைத்தேனா? இல்லை. நல்ல சரக்காக இருந்தால் தாங்கியிருக்காதா, டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. "தோஸ்துன்னு நம்பி வந்தா டூப்ளிகேட் போட்டு ஏமாத்துறியா?" என்று கத்தினேன். ஒருவர் தன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார்.

அவன் வெளியே வந்து டிக்கியைத் திறந்தான். கடை வாசலில் நல்ல வெயில். என் பொட்டு மினுக் மினுக்கென்று மின்னியது. என் மனைவியின் நெயில் பாலிஷில் ஜிகினா இருந்திருக்கிறது. வீட்டு வாசல் இருட்டில் நான் கவனிக்கவே இல்லை. அவன் நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டினான், ஜிகினா ஒட்டிய விரலை ஒரு நிமிடம் பார்த்தான், பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "பீஸ் ஃபால்ட்டு. என் மேலதான் தப்பு. மாத்தித் தரேன்" என்றான்.

உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

புது சப்வூஃபர் மாட்டினான். ஒயரைக் கழற்றி, முனகலை ஓடவிட்டு, மீட்டர் வைத்து, அதே முப்பத்தைந்தில் நிறுத்தினான். அன்றைக்கு வைத்த அதே இடத்தில்தான் குமிழ் நின்றது. டிக்கியை மூடப்போனான்.

"மாமு, பொட்டு வெக்கலியே?" என்றேன்.

"அது நம்ம பசங்க வண்டிக்குத்தான் வெக்கிறது" என்று டிக்கியைச் சாத்தினான். "கொஞ்சம் முன்னால எடுங்க சார். அடுத்த வண்டி நிக்குது."